உரிமையாளர் நேரில் வரவேண்டும்

"மிஸ்டர் சூசையப்பர் நேரில வரவேணும், அம்மா," என்றாள் விவசாயக் காரியாலய மேசைக்குப் பின்னாலிருந்த தில்ருக்ஷி. "அவர் வராம எங்களுக்கு ஒண்டும் செய்ய ஏலாது."

பேர்ணடெற் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் முகத்தை உற்றுப் பார்த்தாள். கேலி செய்கிறாளா என்று தேடினாள். இல்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. தில்ருக்ஷி சிங்களப் பெண். அரசாங்க வேலைக்காகத் தமிழ் வகுப்புக்குப் போய்ச் சோதனை பாஸ் பண்ணியவள். ஒவ்வொரு சொல்லையும் முட்டையை எடுத்து வைப்பதுபோல் பார்த்து வைத்தாள்.

"அவர் வரமாட்டார், பிள்ளை."

"வருத்தமா?"

"வருத்தம் ஒண்டும் இல்லை."

"வெளிநாட்டிலயா?"

"அப்படியும் சொல்லலாம்."

"இறந்துட்டாரா? அப்ப லேசு. டெத் சேர்ட்டிபிக்கட்டை கொண்டு வாங்க, வாரிசு ஆர் எண்டு போட்டு மாத்தலாம்."

"அவர் செத்தது யேசுநாதர் சாகிறதுக்கும் முதல்," என்றாள் பேர்ணடெற். "மாதாவைக் கட்டினவர். தச்சு வேலை செய்தவர். நீங்கள் சென் ஜோசப் எண்டு சொல்லுவீங்கள். தமிழில சூசையப்பர்."

தில்ருக்ஷி கொம்பியூட்டர் திரையைப் பார்த்தாள். பிறகு பேர்ணடெற்றைப் பார்த்தாள். மறுபடியும் திரைக்குப் போனாள். அங்கே முருங்கன் பக்கத்து நாலு ஏக்கர் வயலுக்கு நேரே, பயிர் செய்பவர் சந்தியோகு என்றும், உரிமையாளர் சூசையப்பர் என்றும், விலாசம் முகத்துவாரம், கொழும்பு பதினைந்து என்றும் இருந்தது.

"ஆனா சிஸ்டத்தில உரிமையாளர் அவர்தானே," என்றாள் மெல்ல.

பேர்ணடெற்றின் கணவர் நிக்கலஸ் துறைமுகத்தில் கிளாக்காக இருந்து பென்ஷன் எடுத்தவர். கொட்டாஞ்சேனை வீட்டிலிருந்து வெற்றிலை வாங்கப் போனவர் பஸ் ஹோல்ட்டிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் பிறகு எழும்பவே இல்லை. அது போன வருடம். அவர் விட்டுப்போனது அந்த வீடும், மன்னாரில் தகப்பன் வழி வந்த அந்த வயலும். கார்த்திகையில் அருவியாறு பெருகி வயலை மூடியது. வெள்ளம் வடிந்தபோது நெல்லின் மேல் முழங்கால் அளவுக்கு ஆற்று மணல் கிடந்தது.

வெள்ளத்தில் அழிந்த வயல்களுக்கு அரசாங்கம் ஒரு திட்டம் கொண்டுவந்திருந்தது. மணலை அள்ள பெக்கோ மெசின் இலவசம். விதைநெல்லும் அந்தப் போகத்துக்கு உரமும் சும்மா. பயிர் செய்பவரும் உரிமையாளரும் ஒப்பம் வைத்தால் போதும். ஆனால் குளத்துத் தண்ணீரைப் பங்கிடும் கூட்டத்துக்கு முன் மணல் அள்ளத் தொடங்காத வயலுக்கு அந்தச் சிறுபோகத்தில் தண்ணீர் முறை கிடையாது. மெசின் அந்தப் பக்கத்தை விட்டுப் போனால் திரும்பி வராது. வயலைக் குத்தகைக்குச் செய்யும் சந்தியோகுவுக்கு வேறு காணி இல்லை. புத்தளத்தில் இறால் பண்ணையில் காவலுக்கு ஆள் கேட்கிறார்கள் என்று அவன் இரண்டு முறை போனில் சொல்லிவிட்டான். இரண்டு முறையும் வேறு எதையோ சொல்ல வந்தவன்போலச் சொன்னான்.

பேர்ணடெற்றுக்கு அந்த வயல்மேல் ஒருநாளும் ஆசை இருந்ததில்லை. கல்யாணம் கட்டிய காலம் முழுக்க நிக்கலஸின் லீவு நாட்களைத் தின்றது அதுதான். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நுவரெலியா போவோம் என்றால், அறுவெட்டு என்பார். நத்தாருக்குச் சட்டை தைக்கக் கொடுப்போம் என்றால், வரம்பு கட்டவேணும் என்பார். ஆனால் இப்போது அது மணலுக்குக் கீழே கிடப்பதை அவளால் நினைக்க முடியவில்லை. ஒருவரை மண்ணுக்குள் வைத்தாயிற்று. அது போதும்.

"காணி உறுதிப் பத்திரம் இருக்கு," என்று கைப்பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். "இந்தாங்கோ. என்ர மாமனார்ட பேரில. கோட்டில வழக்குப் போட்டு என்ர பேருக்கு மாத்தக் குடுத்திருக்கு."

"உறுதி கோட்டுக்கு, அம்மா. எங்களுக்குப் பதிவு. பதிவை மாத்தவும் உரிமையாளர்தான் வரவேணும்."

"எந்த உரிமையாளர்?"

தில்ருக்ஷி திரையில் இருந்த பெயரை விரலால் தொட்டுக் காட்டினாள். 

வீட்டுக்கு வரும் வழியில் பேர்ணடெற் மஜீட்டின் போட்டோகொப்பிக் கடைக்குள் நுழைந்தாள். ஒழுங்கையின் முனையில் இருக்கும் கடை. நிக்கலஸ் தினமும் அங்கே நின்று பேப்பர் படிப்பார், காசு கொடுக்காமல். அங்கிருந்தே சந்தியோகுவுக்குப் போன் எடுத்தாள்.

"சந்தியோகு, காணி ஆர்ட எண்டு எழுத வந்தவனுக்கு நீ என்ன சொன்னனீ?"

"ஆரு, அந்தச் சிங்களத் தம்பியோ? அவர் வந்து கன காலமே அக்கா. காணி ஆர்ட எண்டு கேட்டார். சூசையப்பற்ற எண்டு சொன்னனான்."

"ஏன் அப்பிடிச் சொன்னனீ?"

"நிக்கலஸ் அண்ணர் சொல்லி வச்சதுதானே. ஆர் கேட்டாலும் சூசையப்பற்ற வயல் எண்டு சொல்லு, என்ர பேரைச் சொல்லாத, கண் படும் எண்டு. அவர் எங்க இருக்கிறார் எண்டு அந்தத் தம்பி கேட்டார். மோதரையில எண்டன். உண்மைதானே?"

உண்மைதான். மகள் றேணுகா குறைமாதத்தில் பிறந்து ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது நிக்கலஸ், மோதரை என்று சனம் சொல்லும் முகத்துவாரத்துச் சூசையப்பர் சிற்றாலயத்தில் வயலை நேர்ந்துகொண்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு போகமும் அரிசி மூட்டை அங்கே போனது. மார்ச் திருநாளில் ஏழைகளுக்குச் சோறு அந்த அரிசியில்தான். ஊரில் எல்லாரும் அப்படித்தான் பேசுவார்கள். இது மாதாவின் தென்னை, அது அந்தோனியாரின் ஆடு. அப்படிச் சொல்வதால் தென்னைக்கோ ஆட்டுக்கோ கேடு வராது என்று நம்பிக்கை. அதைக் கேட்ட ஒருவன் அப்படியே எழுதிக்கொண்டு போவான் என்று யார் கண்டது? உரமானியம் பயிர் செய்பவனின் கணக்குக்கே வந்ததால், உரிமையாளர் என்ற இடத்தை இத்தனை காலமும் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"உண்மைதான்," என்று சொல்லிப் போனை வைத்தாள்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மஜீட் மெசினை நிற்பாட்டினார்.

"மிஸ்ஸிஸ் நிக்கலஸ், உங்கட ஆளுக்கு ஐடென்டிட்டி கார்ட் ஈக்கா?"

"பகிடி விடாதைங்கோ மஜீட் நானா."

"பகிடி இல்ல. போட்டோதான் ஒங்கட வீட்டுச் செவுத்துல ஈக்கிதே. கொண்டாங்க, பாஸ்போட் சைசுக்கு வெட்டித் தாரேன். கையில வெச்சீக்கிற பூவத்தான் எடுத்துரணும். கவர்மெண்டுல பூவோட எடுக்க மாட்டாங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததற்காகத் தன்மேலேயே கோபமும் வந்தது.

"கோயிலால ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்க," என்றார் மஜீட், இப்போது பகிடி இல்லாமல். "எங்கட பள்ளிவாசலுக்கும் இப்பிடிக் காணி எழுதி வெச்சா, நிருவாகம் ஒரு வார்த்த சொன்னாப் போதும். இது எங்கடது இல்ல எண்டு சாமியார் எழுதித் தந்தா முடிஞ்சி போகும்."

முடியவில்லை. முகத்துவாரத்துச் சிற்றாலயத்தின் பாதர் நல்ல மனிதர். தேத்தண்ணி கொடுத்து, நிக்கலஸுக்காக ஒரு செபம் சொல்லி, அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு, நேர்ந்துவிட்ட பொருளை வேண்டாம் என்று எழுதித் தர எனக்கு அதிகாரம் இல்லை, மேலிடத்துக்கு எழுதவேணும், பதில் எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார். பக்கத்தில் இருந்த ஒஸ்வால்ட், திருநாள் குழுவின் செயலாளர், கதிரையை இழுத்துக் கிட்ட வந்தார்.

"பொறுங்கோ மிஸ்ஸிஸ் நிக்கலஸ். அப்ப அந்த நாலு ஏக்கரும் எங்கடையா?"

"இல்லை."

"கவர்மெண்டில அப்பிடித்தானே பதிஞ்சிருக்கு எண்டு நீங்களே சொல்லுறீங்கள்."

"ஒஸ்வால்ட், அதில இப்ப இருக்கிறது மணல். வேணுமெண்டா லொறி கொண்டு போய் அள்ளுங்கோ."

"மணலும் இப்ப நல்ல விலைதானே," என்றார் ஒஸ்வால்ட்.

பாதர் தலையைக் குனிந்துகொண்டார். பேர்ணடெற் மீதித் தேத்தண்ணியைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டாள். கடிதம் கேட்கப் போய்ப் புதிதாக ஒரு உரிமையாளரைப் பிடித்துக்கொண்டு வந்ததுதான் மிச்சம்.

வெள்ளவத்தையில் மாடிப் பிளட்டில் இருக்கும் மகள் றேணுகாவிடம் சொன்னபோது, அவளிடம் பதில் ஏற்கெனவே தயாராக இருந்தது.

"வித்துப்போடுங்கோ மம்மி. எத்தினை தரம் சொல்லுறன். வித்துப்போட்டு இங்க வந்து எங்களோட இருங்கோ."

"ஆர் வாங்குவான்? சூசையப்பரிட்ட ஒப்பம் வாங்கிக்கொண்டு வரச்சொல்லுவானே."

"கோட் வழக்கு முடிய விக்கலாம்."

"அதுக்கிடையில ஒரு போகம் போயிடும். சந்தியோகு போயிடுவான். பிறகு ஆர் செய்யிறது?"

"விக்கப்போற காணியை ஏன் செய்யவேணும்?"

 கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த ஆள் நீதான் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. சொன்னால், நான் கேட்டனானா என்பாள். அதுவும் நியாயம்தான்.

மறுபடியும் தில்ருக்ஷியிடம் போனாள். பாதரின் கடிதம் இல்லை, கோட்டின் தீர்ப்பு இல்லை, கையில் பழைய உறுதி மட்டும். கூட்டத்துக்கு இன்னும் ஒரு கிழமை இருந்தது. தில்ருக்ஷி அவளைக் கண்டதும் பக்கத்து மேசைக்காரனிடம் ஏதோ சொல்லிவிட்டு எழுந்து, அவளைத் தண்ணீர் போத்தல் வைத்திருந்த மூலைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"அம்மா, நான் கேட்டுப் பாத்தன். ஒரு வழி இருக்கு. உரிமையாளரைக் கண்டுபிடிக்க ஏலாது எண்டா, பயிர் செய்யிறவர் தனிய பதியலாம். பீல்ட் ஒபிசர் வயலுக்கு வருவார். அங்க இருக்கிற ஆக்களிட்டக் கேப்பார், ஆருக்கும் உரித்து இருக்கா எண்டு. ஒருத்தரும் இல்ல எண்டு சொன்னா, அண்டைக்கே மெசின் தருவாங்க."

"இவ்வளவுதானா? இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே."

"இன்னும் இருக்கு." தில்ருக்ஷி குரலைக் குறைத்தாள். இப்போது சொற்களை வைப்பதில் இன்னும் கவனம். "உங்கட மிஸ்டர்ட காணி எண்டு நீங்க சொன்னா அது தகராறு. பைல் திரும்ப இங்க வரும். நீங்க சொல்லாட்டி, அதுக்குப் பிறகு பயிர் செய்யிறவர்தான் அந்த வயலுக்கு ஆள். அவரை அங்கயிருந்து எழுப்ப ஏலாது. கோட்டில நீங்க வெண்டாலும் மிச்சம் கஷ்டம். விக்க ஏலாது. விளங்குதா?"

"விளங்குது."

"நான் இதைச் சொல்லல்ல, அம்மா."

"நீ ஒண்டும் சொல்லேல்ல, பிள்ளை."

படிகளில் கோபத்தோடு இறங்கினாள்.  ஒரு மனுசன் பிள்ளை பிழைத்ததற்கு நன்றியாக ஒரு சொல் சொன்னான். இன்னொருவன் அதை மறக்காமல் சொன்னான். மூன்றாவது ஆள் சொன்னதை எழுதினான். ஒருவரிலும் குற்றம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. ஒரு கள்ளனாவது இருந்திருந்தால் ஏசியிருக்கலாம்.

அன்று பின்னேரம் சந்தியோகுவுக்குப் போன் எடுத்தாள். அவன் சந்தோசப்படுவான் என்று நினைத்திருந்தாள். அவளுடைய பிழை அது.

"நான் மாட்டன் அக்கா."

"என்ன மாட்டாய்?"

"உரிமையாளர் ஆரெண்டு தெரியாது எண்டு நான் சொல்ல மாட்டன். எனக்குத் தெரியும்தானே."

"தெரிஞ்சாலும் சொல்லாத."

"அது பொய். அண்ணர் என்னை நம்பித்தானே தந்தவர். நாளைக்குச் சனம் என்ன சொல்லும்? நிக்கலஸ் செத்த கையோட சந்தியோகு காணியைச் சுருட்டிப்போட்டான் எண்டுதானே சொல்லும். அதோட நேர்ந்த காணி. சூசையப்பருக்கு முன்னால நான் எப்பிடிப் போய் நிக்கிறது?"

பேர்ணடெற் கண்ணை மூடிக்கொண்டாள். கொழும்பு முழுக்க அலைந்து, ஒஸ்வால்ட்டின் பேராசையைக் கேட்டு, மகளின் அலுப்பைக் கேட்டு, கடைசியில் இந்த உத்தமனிடம் வந்து சேர்ந்திருக்கிறாள்.

"சந்தியோகு, நான் சொல்லுறதைக் கேள். சூசையப்பர் கைவேலை செய்து பெண்டில் பிள்ளையைப் பாத்த ஆள். ராசாவுக்குப் பயந்து பாலனைத் தூக்கிக்கொண்டு இரவோட இரவா ஊரை விட்டு ஓடினவர். வேலை இல்லாமல் வேற ஊருக்குப் போறது எண்டா என்ன எண்டு அவருக்குத் தெரியும். உன்னைவிட நல்லாத் தெரியும்."

"அது சரிதான். எண்டாலும்..."

"என்ன எண்டாலும்? நீ இறால் பண்ணைக்குப் போகப் போறியா?"

  மறுபக்கத்தில் அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"மனுசி அழுறா," என்றான். "போகத்தான் வேணும் போல கிடக்கு."

"அப்ப ஒபிசர் வரேக்க வாயை மூடிக்கொண்டு நில்."

"நான் வாயை மூடுறன். கேட்டா என்ன செய்யிறது?"

"கேட்டா, தெரியாது எண்டு சொல்."

"சரி அக்கா," என்றான் சந்தியோகு. அந்தச் சரியில் ஒரு பிடிப்பும் இருக்கவில்லை.

கூட்டத்துக்கு முதல்நாள் காலை பேர்ணடெற் கொட்டாஞ்சேனைச் சந்தையில் மெல்ரோயின் மீன் பலகைக்கு முன்னால் நின்றாள். சனம் நிறைய. மெல்ரோய் ஒரு பாரையைத் தூக்கி அதன் செவுளை விரித்துக் காட்டினான். முகத்துவாரத்துப் பையன். நிக்கலஸின் சவப்பெட்டியைத் தூக்கிய நாலு பேரில் ஒருவன்.

"இண்டைக்கு வந்தது மிஸ்ஸிஸ் நிக்கலஸ். பாருங்கோ, சிவப்பு."

போன் அடித்தது. சந்தியோகு.

"அக்கா, ஒபிசர் வந்து நிக்கிறார். மெசினும் ரோட்டில நிக்குது. உரிமையாளர் ஆரெண்டு கேக்கிறார். நான் தெரியாது எண்டு சொல்லேல்ல. கொழும்பில ஒரு ஆளிட்டக் கேட்டுத்தான் சொல்லவேணும் எண்டு சொல்லிப்போட்டன்."

"அட கடவுளே," என்றாள் பேர்ணடெற். "சந்தியோகு, நீ ஒரு..."

அதற்குள் போன் கை மாறிவிட்டது. இளம் ஆண் குரல், மட்டக்களப்புப் பக்கத்து முஸ்லிம் தமிழ், அவசரம்.

"ஹலோ, அம்மா. எனக்கு இன்னும் ஏழெட்டு வயல் பாக்கக் கிடக்கு. மெசினை விடவும் வேணும். இவர் ஒண்டையும் தெளிவாச் சொல்றார் இல்ல. உரிமையாளர் காணாமப் போனவரா, இல்லையா?"

"காணேல்ல," என்றாள்.

"இங்க ஒரு ஐயா சொல்றார், இது நிக்கலஸ் எண்டு ஒரு ஆள்ட காணி, அவர் மௌத்தாகிட்டார், மனுசி கொழும்பில இரிக்கிறா எண்டு. நீங்கதான் அந்த மனுசியா?"

அவளுக்குப் பின்னால் யாரோ கூடையால் இடித்தார்கள். மெல்ரோய் பாரையைப் பலகையில் வைத்து, கத்தியை எடுத்து, வெட்டவா என்று கண்ணால் கேட்டான்.

"அம்மா, கேக்குதா? நீங்க நிக்கலஸ் எண்டவர்ட மனைவியா?"

சந்தைச் சத்தத்தில் மெல்லச் சொல்ல முடியாது. மெல்லச் சொன்னால் அவன் திரும்பக் கேட்பான், திரும்பச் சொல்லவேண்டி வரும்.

"இல்லை தம்பி," என்றாள் உரக்க. "நான் அவரின்ர மனுசி இல்லை. சந்தியோகுவுக்குத் தெரிஞ்ச ஆள், அவ்வளவுதான்."

"காணியில உங்களுக்கு உரித்து ஏதும்?"

"ஒண்டும் இல்லை."

"உங்களுக்குத் தெரிய வேற ஆருக்கும்?"

றேணுகாவின் முகம் வந்தது. ஒஸ்வால்ட்டின் முகமும் வந்தது, அவர் தலையில் இடி விழ.

"எனக்குத் தெரிய ஒருத்தருக்கும் இல்லை. இத்தினை வருசமும் அந்த வயலைச் செய்தது சந்தியோகுதான். மெசினை இறக்கச் சொல்லுங்கோ. நாளைக்குக் கூட்டம்."

"அது சரி, அம்மா," என்றது குரல். பிறகு போனை வாயிலிருந்து எடுக்காமலே அங்கே யாருக்கோ, "இறக்கு, இறக்கு, அந்த வரம்புப் பக்கத்தால இறக்கு" என்று கத்தியது. சந்தியோகு ஏதோ சொல்ல வந்தது கேட்டது. பேர்ணடெற் போனை வெட்டிவிட்டாள். அவனுடைய நன்றியையோ கண்ணீரையோ இப்போது கேட்கும் பொறுமை அவளுக்கு இல்லை.

மெல்ரோய் கத்தியைத் தூக்கியபடி அப்படியே நின்றான். அவனுக்கு எல்லாம் கேட்டிருந்தது. பக்கத்தில் நின்ற இரண்டு பெண்களுக்கும் கேட்டிருந்தது. ஒருத்தி செபக்கூட்டத்துக்கு வருபவள்.

"என்ன பாக்கிறாய்?" என்றாள் பேர்ணடெற். "துண்டைச் சின்னனா வெட்டு. தலையையும் போடு."